நடு இருக்கை இல்லாத விமானம்

மறைமலை நகரிலிருந்து சென்னை விமான நிலையம் சுமார் 30 கிலோமீட்டர். ஜிஎஸ்டி சாலையில் கூடுவாஞ்சேரி, வண்டலூர், தாம்பரம் நெரிசலைத் தாண்டிவிட்டால் மீனம்பாக்கம் வந்துவிடும். 1990-களில் கார் கம்பெனிகள் இந்தப் பக்கம் இடம் தேடி வந்தபோது துறைமுகத்தைப் பார்த்தன, மின்சாரத்தைப் பார்த்தன; இந்தத் தூரத்தையும் பார்த்தன. மஹிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு, 1999-ல் மறைமலை நகர் ஆலையிலிருந்து ஐகான் காரை வெளியே அனுப்பியது. அதற்கு முந்தைய ஆண்டே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ வந்திருந்தது. டெட்ராய்ட்டிலும் சியோலிலும் எடுக்கும் முடிவுகளைச் செங்கல்பட்டுச் சீமையில் நடத்திக்காட்ட ஆட்கள் போகவும் வரவும் வேண்டியிருந்தது. விமான டிக்கெட்டும் உற்பத்திச் செலவுக் கணக்கில் ஏறியது.

அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதில்தான் வித்தியாசம். பெரிய கம்பெனி மேலாளருக்கு எந்த இருக்கை என்பதை அவருடைய கிரேடு முடிவு செய்துவிடும். டிராவல் டெஸ்க் டிக்கெட் போட்டுக் கொடுக்கும். விலை என்ன என்று அவர் கேட்க வேண்டியதில்லை. கார் ஆலைக்கு உதிரி பாகம் கொடுக்கும் கோவை ஃபவுண்டரி முதலாளிக்குக் கிரேடு கிடையாது. பணம் அவருடைய கல்லாவிலிருந்து போகிறது. காலையில் ஆலையின் பர்ச்சேஸ் அதிகாரி முன்னால் களைப்பில்லாமல் உட்கார்ந்து பேச வேண்டும். இரவு வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். சேரன் எக்ஸ்பிரஸ் ரயிலில் இரவெல்லாம் வந்தால் ஒரு வேலைக்கு இரண்டு இரவு போய்விடுகிறது. கட்டுப்படியாகும் விலையில் நல்ல இருக்கை என்ற தேவை தமிழ்நாட்டில் அழுத்தமாக எழுந்தது இவர்களைப் போன்றவர்களிடம்தான். அந்தத் தேவையை நம்பியே சென்னையில் ஒரு விமான நிறுவனம் தொடங்கப்பட்டு, ஐந்தாண்டு பறந்து, நின்றும் போனது. பாரமவுண்ட் ஏர்வேஸ் என்ற அந்தப் பெயர் இன்று பலருக்கு நினைவில் இல்லை. நினைவில் வைக்க வேண்டிய முயற்சி அது.

அதற்குள் போவதற்கு முன் பிசினஸ் கிளாஸ் எப்படிப் பிறந்தது என்று பார்த்துவிடலாம். இன்று ஆடம்பரமாகத் தெரியும் அந்த வகுப்பு, தொடக்கத்தில் ஒரு சமாதான ஏற்பாடு. ஐயாட்டா என்று முகவர்கள் சொல்லும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் கூடித்தான் ஒரு காலத்தில் கட்டணங்களை நிர்ணயித்தது. 1952-ல் அட்லாண்டிக் தடத்தில் டூரிஸ்ட் வகுப்பு வந்தது, 1958-ல் எகானமி. 1970-களில் முன்கூட்டி வாங்குபவருக்குச் சலுகை என்ற பழக்கம் பரவியது. 1977 செப்டம்பரில் ஃப்ரெடி லேக்கர் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஸ்கைட்ரெயின் என்ற மலிவு விமானத்தை விட்டார். போட்டியில் மற்றவர்களும் விலையைக் குறைத்தார்கள். விளைவு: கடைசி நாளில் முழு எகானமி கட்டணம் கட்டிய வியாபாரி, அதில் ஒரு பகுதி மட்டுமே கொடுத்த சுற்றுலாப் பயணியின் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அதே விமானம், அதே சாப்பாடு, விலை மட்டும் வேறு.

வியாபாரிகள் முணுமுணுத்தார்கள். முழுக் கட்டணம் கட்டுபவர்களுக்கென்று முன்பக்கத்தில் ஒரு பகுதியைத் தடுத்துக் கொடுத்தன விமான நிறுவனங்கள். 1978-ல் பான் அம் அதற்குக் கிளிப்பர் கிளாஸ் என்றும், பிரிட்டிஷ் ஏர்வேஸ் கிளப் கிளாஸ் என்றும் பெயர் வைத்தன. 1979-ல் குவாண்டாஸும் வந்தது. முதல் வகுப்பின் விலையில்லாமல் கொஞ்சம் மரியாதை. அவ்வளவுதான் அன்றைய பிசினஸ் கிளாஸ். பிறகு இருக்கை அகலமாகி, சாய்ந்து, 2000-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் முழுக்கப் படுக்கையாகும் இருக்கையைக் கொண்டுவந்தபின், ஒவ்வொரு இருக்கையும் விழுங்கும் தரைப்பரப்பு பெருகியது. விலையும் எகானமியைவிட்டு வெகுதூரம் ஓடிவிட்டது. மலிவான பிசினஸ் கிளாஸைத் தேடி அலைவது என்ற பழக்கத்துக்கு இந்த இடைவெளிதான் காரணம்.

சென்னைக்கு விமானம் புதிதில்லை. 1932 அக்டோபரில் டாடாவின் தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய், பெல்லாரி வழியாக இங்கேதான் வந்து முடிந்தது. ஆனாலும் வெளிநாட்டுப் பயணம் என்பது நெடுநாள் அரசின் அனுமதிக்குள் அடங்கிய காரியம். டிக்கெட் வாங்குவதற்கே ரிசர்வ் வங்கியின் 'பி ஃபார்ம்' வேண்டும். கையில் கொண்டுபோகும் டாலருக்கும் கட்டுப்பாடு. அந்தக் காலத்து எழும்பூர், மண்ணடி டிராவல் ஏஜென்ட்டுகள் டிக்கெட் விற்றதோடு தாள்களை நகர்த்தும் வேலையையும் செய்தார்கள். எந்தக் கட்டணம் எங்கே குறையும் என்பது அவர்கள் மனதில் இருந்தது. உள்நாட்டில் பெரும்பாலும் இந்தியன் ஏர்லைன்ஸ்தான். அதன் ஏர்பஸ்ஸில் முன்பக்கம் எக்ஸிக்யூட்டிவ் கிளாஸ் இருந்தது, அதில் பேரம் கிடையாது. 1990-களில் தனியார் வந்தார்கள். 2003 ஆகஸ்டில் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான், எதுவும் இலவசமில்லை என்ற கொள்கையோடு, டிக்கெட் விலையைத் தரைக்கு இறக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் புதிதாக வந்தவர்களில் பலர் அதே பாதையில் போனார்கள்.

பாரமவுண்ட் எதிர்ப்பக்கம் போனது. மதுரையில் வேரூன்றிய ஜவுளிக் குழுமம் ஒன்றின் தலைவரான எம். தியாகராஜன் நடத்திய நிறுவனம் அது. 2005 அக்டோபரில் பறக்கத் தொடங்கியது. பிரேசில் நாட்டு எம்ப்ரேயர் கம்பெனியின் 170, 175 ரக ஜெட்டுகளை இந்தியாவில் அட்டவணைச் சேவைக்கு முதலில் கொண்டுவந்தது இந்த நிறுவனம்தான். எழுபது சொச்சம் இருக்கைகள். வரிசைக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. அதனால் யாரும் இரண்டு பேருக்கு நடுவே சிக்கிக்கொள்ள வேண்டியதில்லை. தோல் உறை போட்ட இருக்கை, டிக்கெட்டோடு சேர்ந்த சாப்பாடு. மற்றவர்களின் முழு எகானமி கட்டணத்தை ஒட்டிய விலையில் பிசினஸ் கிளாஸ் என்பதுதான் அவர்கள் முன்வைத்த பேச்சு. சென்னை, கோவை, மதுரை, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி, திருவனந்தபுரம் என்று தெற்கைச் சுற்றியே தடங்கள்.

இதன் அழகு ஒரு எளிய புரிதலில் இருக்கிறது. சென்னையிலிருந்து மதுரைக்கோ கோவைக்கோ பறக்கும் நேரம் ஒரு மணி, கொஞ்சம் கூட. அந்த நேரத்துக்குப் படுக்கை எதற்கு? ஷாம்பெயின் எதற்கு? சட்டை கசங்காமல் இறங்க வேண்டும், முழங்கையை மடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது, பசிக்கு ஏதாவது சாப்பிட வேண்டும், எழுபது பேர்தான் என்பதால் ஏறுவதும் இறங்குவதும் சீக்கிரம் முடிய வேண்டும். பிசினஸ் கிளாஸின் பகட்டைக் கழித்துவிட்டு அதன் பயனை மட்டும் எடுத்தது பாரமவுண்ட். 1978-ல் முழுக் கட்டணக்காரர்கள் கேட்ட மரியாதைக்கு மிக அருகில், அதன் பிறகு யாராவது வந்தார்கள் என்றால், இவர்களைச் சொல்லலாம்.

விலை கட்டுப்படியானதற்கு இன்னொரு காரணம், வரிச் சட்டம். இந்தியாவில் விமான எரிபொருளுக்கு மாநிலங்கள் விதிக்கும் விற்பனை வரி கடுமையானது. தமிழ்நாட்டில் அது 29 சதவீதம் வரை இருந்தது. ஆனால் 'டர்போ பிராப்' எனப்படும் விசிறி விமானங்களுக்கு விற்கும் எரிபொருள் மத்திய விற்பனை வரிச் சட்டத்தில் தனிப் பட்டியலில் இருந்ததால் 4 சதவீதத்தோடு நின்றது. 2007 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் அந்தச் சலுகையை அட்டவணைச் சேவை நடத்தும் 40,000 கிலோவுக்குக் குறைந்த எல்லா விமானங்களுக்கும் விரித்தார். எம்ப்ரேயர் 170-ம் 175-ம் அந்த எடைக்குள் அடங்குபவை. போயிங் 737-800 கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு மடங்கு எடை; ஏர்பஸ் 320-ம் அப்படியே. அதோடு, 80 இருக்கைக்குக் குறைந்த விமானங்களுக்குத் தரையிறங்கும் கட்டணத்தில் விலக்கு என்ற கொள்கையும் நடப்பில் இருந்தது. ஒரே வானத்தில், ஒரே தடத்தில், சிறிய விமானம் வாங்கும் எரிபொருளுக்கு ஒரு வரி, பெரிய விமானத்துக்கு வேறு வரி. நடு இருக்கையை எடுத்துவிட்டதால் போன வருமானத்தில் ஒரு பகுதியை இந்த வித்தியாசம் ஈடுகட்டியது என்று சொல்வதில் பிழையில்லை. பயணிக்குக் கிடைத்த வசதியில் கொஞ்சம் பட்ஜெட் உரையின் ஒரு வரியிலிருந்து வந்தது.

இதே காலத்தில் சென்னையை அடுத்த தொழிற்பகுதியும் வளர்ந்துகொண்டிருந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்பேசி செய்யத் தொடங்கியது. மறைமலை நகரை ஒட்டிய மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-ல் பிஎம்டபிள்யூ. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஓரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் வயல்கள் ஒவ்வொன்றாகச் சுற்றுச்சுவருக்குள் போயின. கார் என்பது ஆயிரக்கணக்கான பாகங்கள்; அவற்றைச் செய்பவர்கள் கோவையிலும் மதுரையிலும் ஓசூரிலும் இருந்தார்கள். கோவையின் பிரிக்கால் வண்டிகளுக்கு மீட்டர் செய்கிறது, ரூட்ஸ் ஹாரன் செய்கிறது; மதுரையில் டிவிஎஸ் குழுமத்தின் டயரும் ரப்பரும். தெற்கின் ஊர்களைச் சென்னையோடு ஒரு பகலுக்குள் இணைக்கும் தேவை இந்த உற்பத்திச் சங்கிலியிலேயே இருந்தது.

கடலுக்கு அப்பாலும் பாரமவுண்டின் எண்ணம், அது பறக்கத் தொடங்கிய அதே மாதத்தில் முளைத்திருந்தது. 2005 அக்டோபரில் ஈயாஸ் என்ற நிறுவனம் போயிங் 757-ல் வெறும் 48 இருக்கை வைத்து லண்டனின் ஸ்டான்ஸ்டெட்டிலிருந்து நியூயார்க்குக்குப் பறந்தது. மேக்ஸ்ஜெட், சில்வர்ஜெட் என்று அடுத்தடுத்து வந்தன. முழு விமானமும் பிசினஸ் கிளாஸ், விலை பெரிய கம்பெனிகளைவிடக் குறைவு என்பதுதான் எல்லாருடைய வாக்குறுதியும். மேக்ஸ்ஜெட் 2007 டிசம்பரில் விழுந்தது. ஈயாஸ் 2008 ஏப்ரலில். சில்வர்ஜெட் அடுத்த மாதம். அந்த ஆண்டு ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. இருக்கை குறைவான விமானத்தில் எரிபொருள் விலை ஏறினால் அதைச் சுமக்கத் தலைகளும் குறைவு.

பாரமவுண்ட் அந்த அலையைத் தாண்டி நின்றது. ஆனால் 2009 வேறு விதமான ஆண்டு. உலகப் பொருளாதாரச் சரிவில் கம்பெனிகள் பயணச் செலவை வெட்டின. செப்டம்பரில் மத்திய அரசே அமைச்சர்களை எகானமியில் போகச் சொன்னது. நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி அப்படியே பறந்து காட்டினார். முன்பக்க இருக்கையில் உட்கார்வது வெளியே சொல்லக் கூச்சமான காரியமாகிவிட்ட நேரம். பாரமவுண்டின் விமானங்களோ சொந்தமானவை அல்ல. வெளிநாட்டுக் குத்தகை நிறுவனத்திடமிருந்து எடுத்தவை. மூன்று எம்ப்ரேயர்களின் வாடகை பாக்கி தொடர்பான வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்தின் வணிகப் பிரிவுக்குப் போனது. செலஸ்டியல் ஏவியேஷன் டிரேடிங் 71 எதிர் பாரமவுண்ட் ஏர்வேஸ் என்ற அந்த வழக்கில் 2010 தொடக்கத்தில் தீர்ப்பு வந்தது.

தீர்ப்பின் சாரம் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பேசப்படுகிறது. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் வாடகை தவறி, குத்தகை முறிந்துபோனாலும், பாக்கியைக் கட்டிவிடுகிறேன், உரிமையைத் திருப்பிக் கொடுங்கள் என்று நீதிமன்றத்தின் கருணையைக் கேட்க ஆங்கிலச் சட்டத்தில் பழைய வழி ஒன்று உண்டு. பாரமவுண்ட் அதே வழியை விமானத்துக்கும் கேட்டது. குத்தகைக் காலம் எட்டு ஆண்டு. விமானத்தின் ஆயுளோ அதைவிட மிக நீண்டது. இப்படிப்பட்ட குத்தகைக்கு அந்தக் கருணை பொருந்தாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மதுரைக்குப் போகும் விமானத்தின் கதி தேம்ஸ் நதிக்கரையில் முடிவானது. இந்திய நீதிமன்றங்களிலும் போராட்டம் நடந்தது, பலன் இல்லை. 2010-லேயே சேவை நின்றது. அதே ஆண்டு மார்ச்சில் ஓரகடத்தில் ரெனால்ட்-நிசான் ஆலை திறக்கப்பட்டது. இரண்டு ஆண்டில் டைம்லரின் பாரத்பென்ஸ் ஆலையும் வந்தது. வாடிக்கையாளர்கள் பெருகும் நேரத்தில் விமானம் இல்லாமல் போயிற்று.

ஏன் தோற்றது? எரிபொருளையும் சரிவையும் மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. கையளவு விமானங்கள், அவையும் குத்தகை. மூன்றைப் பறித்தாலே அட்டவணை சிதறிவிடும். பெரிய நிறுவனம் ஒரு தடத்தில் நட்டப்பட்டாலும் இன்னொன்றில் எடுத்துக்கொள்ளும். அந்த அகலம் இவர்களிடம் இல்லை. யோசனை சரியாக இருந்தது, அதைத் தாங்கும் முதுகெலும்பு மெலிந்திருந்தது என்பதே நியாயமான முடிவு.

ஜெர்மன் கார் கம்பெனிகள் நிறைந்த புனேயில் வேறொரு வழி நடந்தது. லுஃப்தான்சா 2008 வாக்கில், சுவிட்சர்லாந்தின் பிரிவட்ஏர் நடத்திய சிறிய விமானத்தைக் கொண்டு, தொழில் பயணிகளையே முதன்மையாக நினைத்து பிராங்பர்ட்–புனே சேவையை விட்டது. சென்னைக்கு அப்படி ஒரு குட்டி விமானம் தேவைப்படவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உறவினர் இருக்கும் குடும்பங்கள் எகானமியை நிரப்பின. பெரிய விமானமே வந்தது. பின்பக்கத்துக் குடும்பங்களால்தான் முன்பக்கத்துப் பொறியாளருக்கு நேரடி விமானம் கிடைத்தது. ஜப்பானிய ஆலைகளை நம்பி 2019 அக்டோபரில் ஏஎன்ஏ தொடங்கிய நரிட்டா–சென்னை நேரடி விமானமோ சில மாதத்திலேயே கொரோனாவில் நின்றது.

முழு விமானத்தையே மலிவாக்கும் கனவு போனபின், ஒரு இருக்கையை மலிவாகப் பிடிக்கும் கலை வளர்ந்தது. இதற்கு அடிப்படை, பிசினஸ் கிளாஸுக்கு ஒரே விலை இல்லை என்ற உண்மை. டிக்கெட்டில் இருக்கும் ஓர் எழுத்துதான் எல்லாம். ஜே என்றால் பெரும்பாலும் முழுக் கட்டணம், எந்நேரமும் மாற்றலாம். இசட், ஐ, பி போன்ற எழுத்துகள் பல நிறுவனங்களில் தள்ளுபடி வகை, மாற்றினால் அபராதம். பக்கத்துப் பக்கத்து இருக்கைகளுக்கு இரண்டு மடங்கு விலை வித்தியாசம் இருப்பது சகஜம். 1977-ல் பின்பக்கத்தில் நடந்தது இப்போது முன்பக்கத்திலேயே நடக்கிறது. பெரிய ஆலைகள் விமான நிறுவனங்களோடு ஆண்டு ஒப்பந்தம் போட்டு கார்ப்பரேட் ஃபேர் வாங்குகின்றன. ஐம்பது பேர் வேலை செய்யும் உதிரி பாகக் கம்பெனிக்கு அந்தப் பலம் கிடையாது. அதன் முதலாளி தேதியை வளைக்க வேண்டும், வளைகுடா வழியாகச் சுற்ற வேண்டும்.

இன்னொரு வழி கொழும்பு. விமானக் கட்டணம் தூரத்தைப் பார்த்து மட்டும் வைக்கப்படுவதில்லை. பயணம் தொடங்கும் ஊரின் சந்தையைப் பார்த்து வைக்கப்படுகிறது. கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் தொடங்கும் பிசினஸ் கிளாஸ் டிக்கெட், அதே விமான நிறுவனத்தில் சென்னையில் தொடங்குவதைவிடப் பல சமயம் குறைவு. சென்னையிலிருந்து ஒரு மணி நேரம் சொச்சம் பறந்து கொழும்பு போய், அங்கிருந்து ஐரோப்பாவுக்கு ஏறுபவர்கள் இருக்கிறார்கள். இதில் ஆபத்தும் உண்டு. இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது காத்திருக்காது. கொழும்பில் ஏறாமல் நடுவில் ஏறிக்கொள்ளலாம் என்று நினைத்தால் மீதிப் பயணம் முழுக்க ரத்தாகிவிடும். இலங்கைக்குள் நுழைந்து பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டியிருந்தால் அதற்கான மின்னணு அனுமதியும் வேண்டும். மறுநாள் கூட்டம் வைத்திருப்பவருக்கு இது ஆகாது. குடும்பத்தோடு நிதானமாகப் போகிறவருக்குப் பொருந்தும்.

மூன்றாவது, மைல்கள். 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய பழக்கம் இது. லுஃப்தான்சாவின் மைல்ஸ் அண்ட் மோர் 1993-ல் வந்தது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் 1999-ல். கம்பெனி டிக்கெட் வாங்கும், மைல் பறந்தவர் கணக்கில் ஏறும். டெட்ராய்ட்டுக்கும் ஸ்டுட்கார்ட்டுக்கும் பல முறை எகானமியில் இடுப்பு வலிக்கப் போய்வந்த பொறியாளர், சேர்ந்த மைலைக் கொடுத்து அம்மாவையும் அப்பாவையும் ஒருமுறை படுத்துக்கொண்டே அமெரிக்கா வரவழைக்க முடிந்தது. முழங்கால் வலியுள்ள எழுபது வயதுப் பெற்றோருக்கு அந்தப் படுக்கை ஆடம்பரக் கணக்கில் வராது. இப்போது கிரெடிட் கார்டு புள்ளிகளையும் மைலாக மாற்றலாம் என்பதால், பறக்காமலேயே மைல் சேர்ப்பவர்களும் உண்டு. விமானம் புறப்படுமுன் காலியாக இருக்கும் முன் இருக்கைக்கு எகானமி பயணிகளிடம் ஏலம் கேட்கும் முறையும் கடந்த பதினைந்து ஆண்டில் பரவிவிட்டது. இறங்கிக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு அதில் நல்ல விலை கிடைக்கிறது.

உள்நாட்டிலும் காற்று திரும்பியிருக்கிறது. 2015 ஜனவரியில் விஸ்தாரா பிரீமியம் எகானமி என்ற நடு வகுப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. பதினெட்டு ஆண்டு ஒரே வகுப்போடு இருந்த இண்டிகோ, 2024 நவம்பரில் டெல்லி–மும்பை தடத்தில் ஸ்ட்ரெச் என்ற பெயரில் 12 பிசினஸ் இருக்கைகளை வைத்தது. தொடக்க விலை 18,018 ரூபாய். பிறகு மற்ற பெருநகரங்களுக்கும் அதை நீட்டியது. மலிவு விமானத்தின் மறுபெயராக இருந்த நிறுவனமே முன்பக்கத்தைத் தேடிப் போனது, பாரமவுண்ட் பார்த்த சந்தை நிஜம் என்பதற்குச் சாட்சி.

வரியும் மறுபடி உள்ளே வந்துவிட்டது, இம்முறை எதிர்த்திசையில். சரக்கு-சேவை வரியான ஜிஎஸ்டி வந்த 2017-ல் எகானமிக்கு 5 சதவீதம், பிசினஸுக்கு 12. 2025 செப்டம்பர் 22 முதல் பிசினஸுக்கு 18. பெரிய ஆலை தன் ஜிஎஸ்டி எண்ணில் டிக்கெட் போட்டால் அந்த வரியை உள்ளீட்டு வரவாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பெற்றோரை அனுப்பும் மகளுக்கும், பதிவு இல்லாத சிறு தொழில்காரருக்கும் அந்த வழி இல்லை. அவர்கள் 18 சதவீதத்தையும் முழுசாகச் சுமக்கிறார்கள். 2007-ல் ஒரு வரிச் சலுகை சிறிய பயணியின் பக்கம் சாய்ந்தது. இன்றைய ஏற்பாடு பெரியவர் பக்கம் சாய்கிறது. இது திருத்தப்பட வேண்டிய சாய்வு.

2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்த ஃபோர்டு, 2025 அக்டோபர் 31 அன்று மறைமலை நகர் ஆலையில் 3,250 கோடி ரூபாயில் எஞ்சின் செய்யத் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது. 2029-ல் உற்பத்தி என்பது திட்டம். அதற்குள் டிராவல் டெஸ்க்குகள் டெட்ராய்ட் தடத்தின் கட்டணங்களை மறுபடி அலசத் தொடங்கும். எம்ப்ரேயர் 175-ம் இந்திய வானத்துக்குத் திரும்பிவிட்டது. பெங்களூரைத் தளமாகக் கொண்ட ஸ்டார் ஏர் 2023 முதல் அதைச் சிறு நகரங்களுக்கு ஓட்டுகிறது. 12 பிசினஸ் இருக்கை, 64 எகானமி இருக்கை, வரிசை எதிலும் நடு இருக்கை இல்லை.